வசந்த கால வான்கோழி வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பென்சில்வேனியாவில் லைசென்ஸ், பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடித்துவிட்டீர்களா? சரி, துப்பாக்கி அப்புறம், முதலில் காதைப் பழக்குங்கள். முந்தைய நாள் மாலையே சேவல் வான்கோழி எந்தப் பக்கத்து மரத்தில் அடைகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே போய், உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டையின் குரலில் மெதுவாகக் கூப்பிட்டுவிட்டு அசையாமல் இருக்க வேண்டும், சேவலின் கண் அவ்வளவு கூர்மை. பதுங்கிப் பின்தொடர்வது இங்கே சட்டப்படி தவறு. சரியான சட்டம்தான், புதருக்குள் கேட்கிற பெட்டைக் குரல் இன்னொரு வேட்டைக்காரருடையதாக இருக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கேயும் வேண்டாம், சாக்ஸில்கூட. சேவலின் தலை நிறமே அதுதான்! மார்பில் தாடி, அதாவது முடி போன்ற இறகுக் கொத்து, தொங்குவதைக் கண்ணால் பார்க்காமல் சுடவே கூடாது. 40 கஜத்துக்கு அப்பால் நின்றால் விட்டுவிடுங்கள், தயவுசெய்து. காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ சாவது பெரிய கொடுமை.