மகனுக்கு 14 வயதில் பிபி: எங்கள் நான்கு மாதம்

என் பிள்ளைகள் இரட்டையர். மகள் எட்டு நிமிடம் மூத்தவள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. போன வருடம் பள்ளி மருத்துவ முகாமில் அவளுக்கு பிபி 108/68. அவனுக்கு 142/86. சீட்டில் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். என் அப்பா 52 வயதில் பக்கவாதம் வந்து படுத்தவர். அன்று இரவு நான் தூங்கவில்லை.

"வளர்ற பையன், வெயில்ல ஆடிட்டு வந்திருப்பான், விடும்மா" என்றார் அத்தை. விட மனமில்லை.

குழந்தைகள் மருத்துவர் முதலில் எடுத்தது டேப். புஜத்தின் சுற்றளவு 29 செ.மீ. பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும் என்று சொல்லி, பெரியவர்களுக்கான பட்டையை எடுத்தார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரச் சொன்னார். பாதம் தரையில், பேச்சு கிடையாது, வலது கை நெஞ்சு மட்டத்தில். 134/82 வந்தது. தொடையிலும் நாடி பார்த்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் எங்காவது சுருங்கியிருந்தால் கையில் பிபி ஏறியும் காலில் குறைந்தும் இருக்குமாம். அவனுக்கு அப்படி இல்லை.

"13 வயசுக்கு மேல 130/80-ஐத் தொட்டா கவனிக்கணும். ஆனா ஒரு நாள் எண்ணை வச்சு வியாதின்னு சொல்ல மாட்டேன், மூணு தடவை பார்க்கணும்" என்றார்.

கூடப் பிறந்தவளுக்கு இல்லாதது இவனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். அந்தப் பதில்தான் இன்னும் மனதில் நிற்கிறது. பருவ வயதுக்கு முன் இருவருக்கும் பிபியில் பெரிய வித்தியாசம் இருக்காது. பெண் பிள்ளைகளின் வளர்ச்சி முன்னதாக வந்து முன்னதாக அடங்கிவிடும். ஆண் பிள்ளைகளுக்குத் தாமதமாகத் தொடங்கி வேகமாகப் போகும். உயரம், தசை எல்லாம் கூடும்போது பிபியின் மேல் அளவும் (முதல் எண்) ஏறும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கத் தூண்டும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் என்றும் விளக்கினார். அதனால் 13, 14 வயதில் பிரியும் கோடுகள் 18 வரை விலகிக்கொண்டே போகும்.

மகள் 11 வயதில் பெரியவளானபோது தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி கொடுத்து, ஊரைக் கூட்டினோம். அவன் குரல் உடைந்ததும், ஒரே வருடத்தில் பேண்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேல் ஏறியதும் கண்ணில் பட்டும் நான் கருத்தில் கொள்ளவில்லை. அவன் உடம்புக்குள்ளும் அவ்வளவு நடந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து 132/80. மூன்று மாதம் கழித்து 132/82. சிறுநீர்ப் பரிசோதனை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரக ஸ்கேன் எல்லாம் சரி. அப்புறம் 24 மணி நேர பிபி கருவி. பகலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை, இரவில் அரை மணிக்கு ஒரு முறை கையை இறுக்கும். பாவம், பிள்ளை சரியாகத் தூங்கவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பகல் சராசரி 122/72, இரவில் 106/60. தூக்கத்தில் நன்றாக இறங்குகிறது, ஆஸ்பத்திரிப் பதற்றத்தில்தான் ஏறுகிறது என்றார் மருத்துவர். மாத்திரை வேண்டாம், ஆனால் இப்படி ஏறுகிறவர்களுக்குப் பின்னாளில் நிஜமாகவே வர வாய்ப்புண்டு, வருடம் தவறாமல் பாருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் மூன்றும் வீட்டில் குறைந்துவிட்டன. சாயங்காலம் ஒரு மணி நேரம் கைப்பந்து ஆடுகிறான். கிளம்பும்போது மருத்துவர், "பொண்ணுக்கும் வருஷா வருஷம் பாருங்க, மூணு வயசிலிருந்தே பார்க்க வேண்டியது" என்றார். அடுத்த மே மாதத்துக்கு இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.