கிஷன்கர் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, கிஷன்கர்

ராஜஸ்தானின் அஜ்மீரிலிருந்து பஸ்ஸில் வந்தேன். சாலையோரம் எங்கும் பளிங்குக் கிடங்குகள்; இன்று இந்த ஊருக்குச் சோறு போடுவது பளிங்குதான். குண்டலாவ் ஏரிக்கரைக்குப் போன பிறகுதான் அரசர்களின் ஊர் தென்பட்டது. நீரையொட்டிக் கோட்டைச் சுவர், அருகில் பூல் மஹால்.

ஜோத்பூர் இளவரசர் கிஷன் சிங் 1609-இல் நிறுவிய ராத்தோர் ராஜபுத்திர அரசு இது. அவருடைய சகோதரி ஜகத் கோசாயின், ஜஹாங்கீரின் மனைவி, ஷாஜஹானைப் பெற்றவர். பேரரசரின் மைத்துனராக இருந்தும் கிஷன் சிங் நெடுநாள் ஆளவில்லை. 1615-இல் அஜ்மீரில் பேரரசர் தங்கியிருந்தபோதே, பழைய கொலை ஒன்றுக்குப் பழிதீர்க்கப் போய் மாண்டார்.

பிப்ரவரி 4

இன்று முழுவதும் கிஷன்கர் அரசர் ரூப் சிங்கின் நினைவுதான். 1658, சாமுகர் போர்க்களம். அரியணைப் போட்டியில் ஔரங்கசீப்பின் அண்ணன் தாராவின் பக்கம் நின்ற இவர், குதிரையிலிருந்து குதித்து ஔரங்கசீப்பின் யானையை நெருங்கி, அம்பாரியின் கயிற்றை அறுக்க முயன்றார். அந்தத் துணிச்சலைக் கண்டு, அவரைக் கொல்ல வேண்டாம் என்று ஔரங்கசீப்பே தடுத்ததாகச் சொல்வார்கள். அதற்குள் வெட்டி வீழ்த்திவிட்டார்கள். பின்னர் அவர் மகள் சாருமதியை மணக்க ஔரங்கசீப் விரும்பியபோது, அந்தப் பெண் மேவார் ராணா ராஜ் சிங்கை மணந்துகொண்டார். பேரரசரை மறுக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

பிப்ரவரி 5

நான் வந்ததே சாவந்த் சிங்குக்காக. நாகரிதாஸ் என்ற பெயரில், மதுரா வட்டாரத்துப் பிரஜ் மொழியில் கண்ணனைப் பாடிய அரசர். 1748-இல் தந்தை இறந்தபோது இவர் டில்லியில் இருந்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி பகதூர் சிங் அரியணையைப் பிடித்துக்கொண்டார். மராத்தியர் துணையோடு பல ஆண்டுகள் போராடியும் முழு அரசும் திரும்பவில்லை. ரூப்நகர் பகுதி மட்டும் மகன் சர்தார் சிங்குக்குக் கிடைத்தது. சாவந்த் சிங் பிருந்தாவனம் போய்ச் சேர்ந்து, 1764-இல் அங்கேயே காலமானார்.

உடன் போனவர் பணி-டணி. அரண்மனைப் பாடகி, 'ரசிக் பிகாரி' என்ற பெயரில் தாமும் பாடல் எழுதியவர். அரசவை ஓவியர் நிஹால் சந்த் வரைந்த புகழ்பெற்ற ராதை முகத்துக்கு இவரே முன்மாதிரி என்பார்கள். வில்லாய் வளைந்த புருவம், காதை நோக்கி நீளும் கண், கூரிய மோவாய், விரல் நுனியில் பிடித்த மெல்லிய முக்காடு. 1973-இல் அது அஞ்சல் தலையாகவும் வந்தது. 'இந்தியாவின் மோனாலிசா' என்று அதை அழைப்பது எனக்குச் சம்மதமில்லை. தானே கவிதை எழுதிய பெண்ணுக்கு இரவல் பெயர் எதற்கு?

பகதூர் சிங்கை வெறும் வில்லனாக்கவும் மனம் வரவில்லை. மராத்தியர் படையெடுப்புகளின் நடுவே 1781 வரை இந்தச் சிறு அரசைக் கட்டிக்காத்தவர் அவர்தான்.

பிப்ரவரி 8, டில்லி

தேசிய அருங்காட்சியகத்தில் நிஹால் சந்தின் படகு ஓவியம். அகன்ற ஏரி நடுவே சிவப்புப் படகு. அதில் ராதையும் கண்ணனும். மேலே வெண்ணிற மாளிகைகள், கீழே சோலை. அங்கும் அதே இருவர். குண்டலாவைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஏரி புதிதல்ல.

லாகூர்ப் பேராசிரியர் எரிக் டிக்கின்சன் 1943-இல் கண்டறிந்து சொல்லும்வரை வெளியுலகுக்கு இந்தக் கிஷன்கர் ஓவியங்கள் தெரியாது. ஐந்தே ஆண்டுகளில், 1948 மார்ச்சில், கிஷன்கர் ராஜஸ்தான் ஒன்றியத்தில் இணைந்துவிட்டது. நாளை பழைய புத்தகக் கடைகளில் நாகரிதாஸ் பாடல்களைத் தேடப் போகிறேன்.