பாக் சோதித்த கிராமத்து ஆர்கன்

ஜெர்மன் இசைமேதை பாக் வாசித்த ஆர்கனை, அதாவது குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் ஆலய வாத்தியத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போகிறவர்கள் நேரே அவர் இசைப்பணி செய்த தாமஸ் ஆலயத்துக்குத்தான் போவார்கள். அங்கே இப்போது இருக்கும் ஆர்கன்களோ பிற்காலத்தவை. அவர் கைபட்டது வேண்டுமென்றால் ஊருக்குத் தென்கிழக்கே ஷ்டோர்ம்டால் கிராமத்துக்குப் போக வேண்டும். ஆபீஸ் வேலையாகப் போயிருந்த நானும், என்னோடு பெங்களூரிலிருந்து வந்திருந்த அல்சூர்த் தம்பியும் கிளம்பிவிட்டோம்.

ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஏரி. பழுப்பு நிலக்கரி வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரப்பியது. அந்தச் சுரங்கத்துக்காக மாக்டெபோர்ன் என்ற அடுத்த ஊரையே ஆலயத்தோடு சேர்த்து அழித்துவிட்டார்கள். ஷ்டோர்ம்டால் தப்பியது.

ஆலயம் சின்னதுதான். மேல்மாடத்து ஆர்கனைச் செய்தவர் பெயர்பெற்ற ஆர்கன் தயாரிப்பாளர் சில்பர்மானின் சீடரான சக்கரியாஸ் ஹில்டெப்ராண்ட். வருஷம் 1723. அதே வருஷம்தான் பாக் லைப்சிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நவம்பர் 2-ஆம் தேதி இங்கே ஆர்கனைச் சோதித்துச் சரி சொல்லி, பிரதிஷ்டை ஆராதனையில் தன் கான்டாட்டா (குரலும் வாத்தியமும் சேர்ந்த இசைப்படைப்பு) ஒன்றையும் நடத்தினார். ஆர்கனைச் சோதிக்கும்போது அவர் முதலில் எல்லா ஸ்டாப்பையும் (குழாய் வரிசைகளை ஒலிக்கவிடும் இழுகுமிழ்கள்) இழுத்துவிட்டு வாசிப்பாராம். ஆர்கனின் நுரையீரல் நன்றாக இருக்கிறதா பார்க்க வேண்டாமா என்பாராம். அவர் மகனே எழுதி வைத்திருக்கிறார்.

எங்களுக்கு வாசித்துக் காட்டிய பெண்மணி அப்படிச் செய்யவில்லை. ஒரே ஒரு ஸ்டாப்பை இழுத்து, ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். முதலில் 'டக்' என்று மரச்சத்தம், அப்புறம் 'ஃப்' என்று காற்று, அதற்குப் பிறகுதான் ஸ்வரம். கட்டைக்கும் குழாய்க்கும் நடுவே மின்சாரம் கிடையாது. மெல்லிய மரச்சட்டங்களே வால்வைத் திறக்கின்றன. பெடலை மிதித்தபோது பலகைத் தரை காலுக்கடியில் அதிர்ந்தது.

"அண்ணா, இது சுருதிப்பெட்டிக்குப் பெரியப்பா!" என்றான் தம்பி. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது.

தமிழ் லுத்தரன் சபைக் கிறிஸ்தவர்களுக்கு லைப்சிக் அந்நிய ஊரும் அல்ல. தரங்கம்பாடிப் பக்கம் ஊழியம் செய்த லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல்தான் 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டவர். நம் ஞானப்பாட்டுகளில் பல ராகங்கள் அந்த நாட்டிலிருந்து வந்தவை.

பெங்களூரில் எங்கள் பாடகர் குழுவுக்கு இருப்பது ஒரு கீபோர்டு. அதில் 'சர்ச் ஆர்கன்' என்று ஒரு பட்டன். செல்போனில் பதிந்து வந்ததைப் போட்டுக் காட்டினேன். அந்த 'ஃப்' மட்டும் பட்டனில் எங்கே தேடினாலும் கிடைக்காது. குழுத் தலைவர் பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஏன் தம்பி, கப்பன் ரோட்டுல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல குழாய் ஆர்கன் இருக்கே, அதுக்கு எதுக்கு ஃபிளைட்டு?"

1866-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் திறந்த ஆலயம் அது. எல்லோரும் சேர்ந்து போவதென்று முடிவாகிவிட்டது. ஆலய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைக்கும் வேலை என் தலையில்.