800 டாலருக்குள் ஒரு வசந்த காலக் கரடி வேட்டை

நான் வசிக்கும் ஸ்போகேன் நகரம் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. இங்கே 2022 முதல் வசந்த காலக் கரடி வேட்டைப் பருவம் திறக்கப்படவில்லை. ஆகவே மே மாதத்தில் கருங்கரடி தேடிப் புறப்படுகிறவர்கள் கிழக்கே ஐடஹோவின் ஒடுங்கிய பகுதியைக் கடந்து, லுக்அவுட் கணவாய் ஏறி, மொன்டானாவுக்குள் இறங்க வேண்டும். செயின்ட் ரீஜிஸ் என்ற சிற்றூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழிகாட்டி அமர்த்திக்கொண்டு செல்லும் வேட்டைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும் என்பதால், நானும் ஒரு நண்பரும் இரண்டு முறை சொந்த ஏற்பாட்டில் சென்று வந்தோம். மூன்றாவது பயணத்துக்கான திட்டத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

செலவில் பெரும்பங்கு உரிமத்துக்கே போய்விடுகிறது. வெளிமாநிலத்தவருக்கான கருங்கரடி உரிமம் நாங்கள் சென்றபோது 350 டாலர். அதற்கு முன்னதாக வாங்க வேண்டிய அடிப்படை உரிமங்கள் தனி. 1985 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும். மற்றவை எல்லாம் சிறு தொகைகள்: பெட்ரோலை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறோம், தேசிய வனத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளக் கட்டணம் கிடையாது, அரிசியும் பருப்பும் வீட்டிலிருந்தே வருகின்றன. மான் வேட்டைக்கு வைத்திருக்கும் .308 தோட்டா அளவுள்ள துப்பாக்கியே கருங்கரடிக்கும் தாராளமாகப் போதும். தலைக்கு 800 டாலரைத் தாண்டாமல் ஆறு நாள் பயணத்தை முடித்துவிடலாம்.

ஆனால் அந்த ஆறு நாளும் எந்த ஆறு நாள் என்பதைத் தீர்மானிப்பதில்தான் நாங்கள் முதலில் தவறினோம். பருவம் ஏப்ரல் 15 அன்று திறக்கிறது. பகுதியைப் பொறுத்து மே இறுதியிலோ ஜூன் நடுவிலோ மூடுகிறது. திறந்த உடனே போனால் கூட்டம் இருக்காது என்று எண்ணி, முதல் ஆண்டு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் விடுப்பு எடுத்தோம். நாங்கள் குறித்து வைத்திருந்த மலைச் சாலை பாதி வழியிலேயே பனியால் அடைபட்டிருந்தது. ஆறு நாளில் கண்டது ஒரே ஒரு காலடித் தடம். ஆண் கரடிகள் முதலில் வளையை விட்டு வருகின்றன, குட்டியீன்ற தாய்கள் கடைசியாக வருகின்றன என்று படித்திருந்தோமே தவிர, வெளியே வந்த கரடி எதைத் தின்னும் என்று யோசிக்கவில்லை. பல மாதம் உண்ணாமல் கிடந்த அதன் வயிற்றுக்கு முதலில் கிடைப்பது புல்தான். வெயில் நேராக விழும் தெற்கு நோக்கிய சரிவுகளில் பனி முதலில் உருகி, இளம்புல்லும் குளோவரும் டான்டேலியனும் தளிர்க்கின்றன. நாள் செல்லச் செல்ல அந்தப் பசுமை மலைமேல் ஏறுகிறது, கரடியும் அதன் பின்னாலேயே ஏறுகிறது. எனவே நாட்காட்டியைப் பார்ப்பதைவிடப் பனிக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதே சரி. எங்கள் பள்ளத்தாக்குக்கு மே 15 முதல் 25 வரையிலான நாட்கள் பொருந்தும் என்பது என் கணிப்பு. இன்னும் தாமதித்தால் கரடிகள் உடலை மரத்தில் தேய்த்துத் தோலில் முடி உதிர்ந்த திட்டுகள் விழத் தொடங்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, வனத்துறை இலவசமாகத் தரும் வாகனப் பாதை வரைபடத்தில் இரும்புக் கதவு போட்டு மூடிய பழைய மரம் வெட்டும் சாலைகளைத் தேடுங்கள். வண்டி செல்ல முடியாத அந்தச் சாலைகளின் ஓரங்களில் குளோவர் செழித்து வளர்கிறது. நடந்து செல்ல யாரும் தடுப்பதில்லை. நாள்தோறும் புதுப் பள்ளத்தாக்குக்கு ஓடி எரிபொருளை வீணாக்காமல், எதிர்ச் சரிவு முழுவதும் தெரியும் ஒரே மேட்டில் மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து, இருள் கவியும் வரை பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்களுக்குப் பலன் தந்தது. மே இறுதியில் அங்கே சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே மறைகிறது. கணவாயைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். சுடுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் நேரம் சூரியன் மறைந்த அரை மணியுடன் முடிந்துவிடுகிறது.

பணத்தை எங்கே குறைத்தாலும் பைனாகுலரில் குறைக்க வேண்டாம் என்பேன். மேற்கு மொன்டானாவில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியும் உண்டு. அது 1975 முதல் கூட்டரசுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் பிரித்தறியும் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே உரிமம் தருகிறார்கள். நிறத்தை நம்ப முடியாது. அந்த மலைகளில் கருங்கரடி பழுப்பிலும் வைக்கோல் நிறத்திலும்கூட இருக்கும். தோள் திமில், குழிந்த முகம், முன்னங்காலின் நீண்ட நகம், குட்டையான உருண்டைக் காது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே கிரிஸ்லி என்று முடிவு செய்ய வேண்டும். குட்டிகளுடன் இருக்கும் தாயைச் சுடுவதும் குற்றம். இரண்டாம் ஆண்டின் நான்காம் மாலையில் தனியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கரடியை முக்கால் மணி நேரம் பார்த்திருந்தோம். துப்பாக்கியை எடுக்கலாம் என்று எழுந்தபோது புதருக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் வெளிப்பட்டன. அந்த முக்கால் மணி நேரத்துக்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மறுநாள் மாலை ஓர் ஆண் கரடி கிடைத்தது. அடர்ந்த முடியும் கொழுப்பும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் காயம்பட்ட கரடியைத் தடம் பிடிப்பது மிகக் கடினம்; ஆகவே 200 கெஜத்துக்குள் நெருங்கி, பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்து சுட்டேன். மே மாத வெயிலில் இறைச்சி விரைவில் கெடும் என்பதால் அன்றிரவே தோலுரித்து, கால்களைப் பிரித்து, இரண்டு நடையில் சுமந்து இறக்கினோம். கிடைத்த கரடியைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் மொன்டானா மாநில வனவிலங்குத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா புழு இருக்கக்கூடும். சில வகைகள் உறைபனியிலும் சாவதில்லை. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்டும்படி வேக வைத்தால் அச்சமில்லை. அந்த வகையில் நம் பிரஷர் குக்கரை மிஞ்சிய பாத்திரம் கிடையாது. மிளகு தூக்கலாகப் போட்டு வைத்த அந்தக் கறி மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டு மேசையில் இருந்தது.

இந்த ஆண்டு மே 17 முதல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். சில பகுதிகளில் சுட அனுமதித்த பெண் கரடிகளின் எண்ணிக்கை எட்டியதும் பருவத்தை முன்கூட்டியே மூடிவிடுகிறார்கள் என்பதால், புறப்படும் அன்று காலை துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே வண்டியை எடுப்போம். தோலுக்கான உப்பு 10 கிலோ வாங்கி வைத்தாயிற்று. பனிக்கட்டிப் பெட்டிகளை மட்டும் செயின்ட் ரீஜிஸில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.