டிஓடி மெடிக்கலில் என் குறட்டை மாட்டிக்கொண்ட கதை

படிவத்தில் நான் ‘இல்லை’ என்று டிக் போட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெரிய டிரக் ஓட்ட சிடிஎல் என்கிற வணிக வாகன லைசென்ஸ் மட்டும் போதாது. அதிகபட்சம் 2 வருடத்துக்கு ஒருமுறை டிஓடி மெடிக்கலுக்கு, அதாவது போக்குவரத்துத் துறை கேட்கும் உடல் பரிசோதனைக்குப் போய், ஓட்டத் தகுதி உண்டு என்கிற கார்டைப் புதுப்பிக்க வேண்டும். தேசியப் பதிவேட்டில் பெயர் உள்ள பரிசோதகரிடம்தான் போக முடியும். நான் இருப்பது டல்லாஸ் பக்கம். அதுவரை நான்கு தடவை போயிருக்கிறேன், நான்கு தடவையும் அரை மணி நேரத்தில் கார்டோடு வெளியே வந்திருக்கிறேன். கண், காது, பிரஷர், சிறுநீர், ஒரு இருமல், அவ்வளவுதான்.

ஐந்தாவது தடவை பழைய கார்டு முடிய 12 நாள் இருக்கும்போது போனேன். இந்த 12 நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

படிவத்தில் ஒரு வரி உண்டு: தூக்கக் கோளாறு, தூக்கத்தில் மூச்சு நிற்பது, பகலில் தூக்கம், சத்தமான குறட்டை. எல்லாம் ஒரே கேள்வி. எங்கள் வீட்டில் குறட்டையை யாரும் வியாதியாக நினைத்ததே இல்லை. அப்பா நாமக்கல்லில் லாரி டிரைவர். அவர் திண்ணையில் படுத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ‘அசந்து தூங்கறாரு, எழுப்பாதீங்க’ என்பாள் அம்மா. அதே சொத்து எனக்கும் வந்திருந்தது. ஆனாலும் ‘ஆம்’ என்று போட்டால் கார்டு போய்விடும் என்று பார்க்கிங்கில் பத்துப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘இல்லை’ என்று போட்டுவிட்டேன்.

உள்ளே இருந்தவர் ஒரு நர்ஸ் பிராக்டிஷனர், ஐம்பது வயதுப் பெண்மணி. பிரஷர் 146/92. எடை 98 கிலோ, உயரம் 5 அடி 7 அங்குலம், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ கணக்கு 34-க்குப் பக்கம். இதற்குப் பிறகு அவர் செய்தது எனக்குப் புதிது. டிராயரைத் திறந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, சட்டைக்கு அளவெடுப்பது போலக் கழுத்தைச் சுற்றினார். பதினேழரை அங்குலம். ‘வாயைத் திற, நாக்கை நீட்டு, சத்தம் போடாதே’ என்றார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ‘உள்நாக்கே தெரியவில்லையே’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் என் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: ‘குறட்டை இல்லை என்று போட்டிருக்கிறாய். உன் மனைவிக்கு போன் போட்டுக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வாரா?’

பொய் எழுதினால் கார்டு செல்லாது, வழக்கு கூட வரலாம் என்று நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலேயே அச்சடித்திருக்கிறது. பேனாவை வாங்கி டிக்கை அடித்துவிட்டு மாற்றினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு விஷயம். ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லா டிரைவருக்கும் கட்டாயம் என்று விதி எதுவும் கிடையாது. 2016 மார்ச்சில் அப்படி ஒரு விதி கொண்டுவரலாமா என்று அரசு கருத்துக் கேட்டது, 2017 ஆகஸ்டில் அதைக் கைவிட்டுவிட்டது. சட்டத்தில் இருப்பது பொதுவான ஒரு வரிதான்: வண்டியைப் பாதுகாப்பாக ஓட்டவிடாத மூச்சுக் கோளாறு இருக்கக்கூடாது. மீதியெல்லாம் பரிசோதகரின் கையில். பிஎம்ஐ 40-ஐத் தாண்டினாலோ, 33-க்கு மேல் இருந்து அதோடு கழுத்துச் சுற்றளவு, பிரஷர் மாதிரி மூன்று காரணம் சேர்ந்தாலோ தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று மருத்துவ ஆலோசனைக் குழு சொல்லியிருக்கிறது. அதுவும் பரிந்துரைதான். அதனால் என்னைவிடக் குண்டான நண்பர் இன்னொரு இடத்தில் 2 வருடக் கார்டு வாங்கிக்கொண்டு போகிறார், நான் மாட்டிக்கொள்கிறேன். இது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் என்னைப் பிடித்த அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை, என் நண்பரை விட்டவர்மேல்தான் இருக்கிறது.

அவர் என்னைப் பெயில் ஆக்கவில்லை. ‘முடிவு நிலுவையில்’ என்று போட்டார். அப்படிப் போட்டால் 45 நாளுக்குள் கேட்ட காகிதங்களோடு திரும்பி வர வேண்டும். அதுவரை பழைய கார்டு உயிரோடு இருந்தால் ஓட்டலாம். கார்டு முடிந்துவிட்டால் வண்டியில் ஏறக்கூடாது, நிலுவை என்பது கார்டின் தேதியை நீட்டாது. எனக்கு இருந்தது 12 நாள். இரண்டு மாதம் முன்னாலேயே போயிருந்தால் ஒரு லோடும் தவறியிருக்காது. ‘வேறு கிளினிக் போய் முதலிலிருந்து ஆரம்பி’ என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு பரிசோதனை முடிவும் அதே தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது போல.

தூக்கப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்று பயந்தேன். அப்படி இல்லை, ஐந்தாம் நாள் வீட்டுக்கே ஒரு பெட்டி வந்தது. நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப். கூடவே கையில் ஒரு பட்டை, அறுக்காமல் கழற்ற முடியாது. படுத்தது நான்தானா, ஒல்லியான மச்சான் யாரையாவது படுக்க வைத்தேனா என்று தெரிய வேண்டுமாம். அந்த யோசனை எனக்கு முன்னாலேயே எத்தனை பேருக்கு வந்திருக்கும் பாருங்கள்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. மணிக்கு 27 தடவை மூச்சு நின்றிருக்கிறது அல்லது நன்றாகக் குறைந்திருக்கிறது. 5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 79 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. டாக்டர் வீடியோ காலில் விளக்கினார்: தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைக்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, நமக்குத் தெரியாமலே மறுபடி தூங்கிவிடுகிறோம். ‘எட்டு மணி நேரம் தூங்குகிறேனே’ என்றேன். ‘படுத்திருக்கிறீர்கள்’ என்றார்.

16-ஆம் நாள் சிபாப் இயந்திரம் வந்தது, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்வது. அதற்குள் கார்டு முடிந்து 4 நாள் ஆகியிருந்தது, டிரக் யார்டில் நின்றது. முதல் ராத்திரி அந்த மாஸ்க்கை மாட்டியபோது, ஓடுகிற லாரியின் ஜன்னலில் முகத்தை நீட்டியது போல இருந்தது. ஒரு மணி நேரத்தில் பிடுங்கி எறிந்தேன். இரண்டாவது ராத்திரி வேறு தொல்லை. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு என் மீசைமேல் உட்காரவே இல்லை, இடுக்கு வழியாகக் காற்று ‘புர்ர்’ என்று கண்ணில் அடித்தது. சாமான் அனுப்பிய கம்பெனிக்கு போன் செய்தால் ‘ஷேவ் செய்து பாருங்களேன்’ என்றார்கள். இருபது வயதிலிருந்து இருக்கிற மீசை. கடைசியில் மூக்குத் துளைகளில் மட்டும் உட்காருகிற சின்ன மாஸ்க் ஒன்று இருக்கிறது என்று மனைவிதான் தேடிக் கண்டுபிடித்தாள். மீசை பிழைத்தது.

இயந்திரத்துக்குள் ஒரு மோடம் இருக்கிறது, எத்தனை மணி நேரம் மாட்டினோம் என்று தினமும் அதுவே சொல்லிவிடும். கணக்கு இதுதான்: ஒரு ராத்திரிக்குக் குறைந்தது 4 மணி நேரம், மொத்த ராத்திரிகளில் 70 சதவீதம். அந்தப் பரிசோதகர் முதலில் கேட்டது 2 வார ரிப்போர்ட். 14 ராத்திரியில் 12 தேறியது, தேறாத இரண்டு எவை என்று சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் ஏறி இறங்கிய கோடுகளுக்குக் கீழே, மணிக்கு 27 இருந்த எண் 2.8 ஆகியிருந்தது.

33-ஆம் நாள் கார்டு கிடைத்தது, 3 மாதத்துக்கு. 21 நாள் வருமானம் போனது. பரிசோதனைக்கும் இயந்திரத்துக்கும் கைக்காசு வேறு. மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்து 1 வருடக் கார்டு கொடுத்தார்கள். இனி 2 வருடக் கார்டை எதிர்பார்க்கவில்லை, சிகிச்சையில் இருப்பவர்களைப் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்.

டிரக்கில் வைத்துக்கொள்வது எப்படி என்று பலர் கேட்டார்கள். ஸ்லீப்பர் கட்டிலுக்கு மேல் தட்டில் இழுபடுகிற பங்கீ கயிறு ஒன்றால் கட்டி வைத்திருக்கிறேன். 12 வோல்ட் கன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள். இன்வெர்ட்டரில் போட்டு, காற்றை ஈரமாக்க இயந்திரத்துக்குள் தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட்டரையும் ஓடவிட்டால் காலையில் பேட்டரி கையை விரித்துவிடும். தண்ணீர் கேன் ஒன்று டிஸ்டில்ட் வாட்டராக இருக்கட்டும்.

மத்தியானம் அமரில்லோ தாண்டி ஐ-40-ல் நேர்கோடாகப் போகும்போது முன்பெல்லாம் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ஓட்டுவேன். வாய் சும்மா இருந்தால் கண் சொருகும். அதை டிரைவிங்கின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன். போன மாதம் கப் ஹோல்டரைச் சுத்தம் செய்தபோது, பிரிக்காத விதைப் பாக்கெட் ஒன்று கிடைத்தது.

அப்பாவுக்கு வீடியோ காலில் இயந்திரத்தைக் காட்டினேன். ‘என்னடா, டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்குது’ என்று சிரித்தார். உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றேன். ‘எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் தூங்கறேன்’ என்றார். அம்மா கேமராவுக்கு வெளியிலிருந்து ஏதோ சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: ‘ஒருக்கா தொப்பூர் எறக்கத்துல கிளீனர் பையன் முதுகுல அடிச்சு எழுப்புனான். பட்டப்பகல். உங்கம்மாகிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன்.’