மானிட்டர் முதலில், சப் பிறகு: வீட்டு அறையில் ஒலியமைப்பு செய்த வரிசை

பவர்டு மானிட்டர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்டுடியோ ஸ்பீக்கர்) ஜோடியும் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபரும் ஒன்றாக வந்து இறங்கினாலும், சப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு மானிட்டர்களை மட்டும் வைத்து, அளந்து, திருப்தியான பிறகே சப்பை எடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டினால், கேட்கும் குறை இடத்தால் வந்ததா, கேபிளால் வந்ததா, மானிட்டருக்கும் சப்புக்கும் ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரால் வந்ததா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

இங்கே சொல்லும் கணக்குகள் எல்லாம் 4.2 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் அகலம், 2.9 மீட்டர் உயரமுள்ள ஓர் அறைக்கானவை. ஸ்பீக்கர்கள் 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் கூம்பு) கொண்ட யமஹா எச்எஸ்5 ஜோடி, கூடவே 8 அங்குல சப். உங்கள் அறை அளவைப் போட்டால் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

முதல் கணக்கு அறையுடையது. ஒலியின் வேகமான 343-ஐ (நொடிக்கு மீட்டர்), நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை தானாக முழங்கும் அலைவெண் கிடைக்கும். நீளவாக்கில் 41 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 52, உயரவாக்கில் 59. அறையின் நடுவே, அதாவது 2.1 மீட்டரில் உட்கார்ந்தால் அந்த 41 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட காணாமல் போகும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அதுவே ஊதிப் பெருகும். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதத்தில் தலை இருக்கட்டும் என்பது பலரும் தொடங்கும் இடம். இந்த அறையில் அது 1.6 மீட்டர். அது தொடக்கப் புள்ளி மட்டுமே. அளந்து பார்த்து 10, 20 சென்டிமீட்டர் முன்பின் நகர்த்த வேண்டியிருக்கும்.

இரண்டு ட்வீட்டர்களும் (உயர்ந்த ஒலி தரும் சிறு பகுதி) உங்கள் தலையும் சமபக்க முக்கோணம். ஒரு பக்கம் 1.4 மீட்டர் வைத்தேன். டேப் வைத்து அளந்து, இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். இடப்பக்கச் சுவருக்கும் வலப்பக்கச் சுவருக்கும் உள்ள தூரமும் சமம். ட்வீட்டர் காது மட்டத்தில். பெட்டியைப் படுக்கவைக்காதீர்கள்: ட்வீட்டரும் வூஃபரும் பக்கவாட்டில் அமைந்துவிட்டால், தலையைச் சற்றுத் திருப்பினாலே இரண்டிலிருந்தும் வரும் ஒலி சேரும் விதம் மாறி, குரலின் நிறமே மாறிவிடும்.

முன்சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வூஃபரிலிருந்து பின்னால் போகும் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வரும் ஒலியோடு மோதி ஓர் அலைவெண்ணை அழிக்கும். அது எது என்று அறிய, 343-ஐ தூரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். தூரத்தைப் பெட்டியின் முதுகிலிருந்து அல்ல, வூஃபரின் முகத்திலிருந்து அளக்க வேண்டும். சுவரிலிருந்து முகம் 90 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 95 ஹெர்ட்ஸில் பள்ளம். 60 என்றால் 143-இல். கிக் டிரம்மின் உடலும் பேஸ் கிட்டாரின் மேல் சுரங்களும் இருக்கும் பகுதி அது. சின்ன அறையில் சுவருக்கு அருகிலேயே வைப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். 22 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டி, பின்னால் 12 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் பள்ளம் 250 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும். அந்த இடத்தை 10 சென்டிமீட்டர் ராக்வுல் பலகை ஓரளவு சமாளிக்கும். 95-ஐ அதனால் தொட முடியாது. சுவரை நெருங்குவதால் தாழ்ந்த ஒலி மொத்தமாகச் சற்று ஏறும். அதற்குத்தான் பின்பக்கத்தில் ரூம் கன்ட்ரோல் சுவிட்ச் இருக்கிறது. எச்எஸ்5-இல் அது 0, −2, −4 டெசிபல், −2-இல் தொடங்குங்கள். பின்பக்கம் போர்ட் (காற்றுத் துளை) உள்ள ஸ்பீக்கரை மட்டும் சுவரோடு ஒட்டிவிடாமல், கையேடு சொல்லும் இடைவெளி விடுங்கள்.

இணைப்பு எளிது. கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து, வழியில் ஏறும் இரைச்சலை நீக்கும் பேலன்ஸ்டு டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் கேபிள், நேராக மானிட்டருக்கு. கிட்டார் கேபிள் உருவத்தில் டிஆர்எஸ் போலவே இருக்கும். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் டிஆர்எஸ், ஒன்று என்றால் இல்லை. கணினி, இன்டர்ஃபேஸ், மானிட்டர், சப் எல்லாவற்றுக்கும் ஒரே பவர் ஸ்ட்ரிப்.

ஹம் கேட்டால் முதலில் மானிட்டரின் ஒலியைக் குறைத்து, சிக்னல் கேபிளைக் கழற்றுங்கள். ஹம் தொடர்ந்தால் கோளாறு ஸ்பீக்கருக்குள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப்பாக (எர்த் இரண்டு வழிகளில் இணைந்து வளையமாவது) இருக்கவே வாய்ப்பு அதிகம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் சத்தம் அடங்கினால் ஹம் யூஎஸ்பி வழியாக வருகிறது. பேலன்ஸ்டு கேபிளிலேயே பெரும்பாலும் தீரும், மிஞ்சினால் டிரான்ஸ்ஃபார்மர் ஐசோலேட்டர். பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, டேப் ஒட்டி மறைப்பது இரண்டும் கூடவே கூடாது. ஹம் நிற்கலாம். ஆனால் ஸ்பீக்கருக்குள் மின்கசிவு ஏற்பட்டால் அதைத் தொடும் கைதான் எர்த் ஆகும். ட்வீட்டருக்கு மிக அருகில் காதை வைத்தால் கேட்கும் மெல்லிய 'ஸ்ஸ்' ஆம்ப்ளிஃபையரின் இயல்பு; உட்காரும் இடத்தில் கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

அடுத்தது சம அளவு. 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டிய பிங்க் நாய்ஸை (எல்லா அலைவெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) இடப்பக்கம் மட்டும், பிறகு வலப்பக்கம் மட்டும் ஓட்டி, தலை இருக்கும் இடத்தில் ஒலி அளவு மீட்டரை வைத்து அரை டெசிபலுக்குள் ஒன்றாக்குங்கள். முழு அலைவரிசையில் ஓட்டினால் அறையின் முழக்கம் மீட்டரைக் குழப்பும். சின்ன அறைக்கு ஒரு ஸ்பீக்கர் 73 முதல் 76 டெசிபல் போதும். பிறகு ஒரு மோனோ குரலைப் போடுங்கள். அது நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். பரந்து கலைந்து, அடி ஒலியும் மெலிந்து போனால் ஒரு பக்கத்தின் போலாரிட்டி (பிளஸ், மைனஸ் இணைப்பு) தலைகீழ். பெரும்பாலும் கையால் சால்டர் செய்த கேபிள்தான் காரணம்.

இத்தனையும் முடிந்து, சில நாட்கள் மானிட்டர்களை மட்டும் கேட்டுப் பழகிய பிறகு சப். எச்எஸ்5-இன் விவரக் குறிப்பில் 54 ஹெர்ட்ஸ் என்று இருப்பது −10 டெசிபல் புள்ளி, அதாவது ஒலி 10 டெசிபல் குறைந்துவிடும் இடம். −3 டெசிபல் புள்ளி 74. அதனால் எல்லோரும் சொல்லும் 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் இதற்கு இறுக்கம், 90 வசதி. 100-ஐத் தாண்டினால் சப் எங்கே இருக்கிறது என்று காது கண்டுபிடிக்கத் தொடங்கும்.

சப்பைச் சுவரோடு வைக்கத் தயங்க வேண்டாம். மேலே சொன்ன அதே வகுத்தலைப் போடுங்கள்: முகம் 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் பள்ளம் 286 ஹெர்ட்ஸில் விழும், சப் அவ்வளவு உயரத்தில் பேசுவதே இல்லை. எந்தச் சுவர், எந்த இடம் என்பதற்குப் பழைய வழியே சிறந்தது. சப்பை உங்கள் நாற்காலியில் ஏற்றி, 30 முதல் 100 வரை ஐந்தைந்து ஹெர்ட்ஸாகச் சைன் ஒலி (ஒரே அலைவெண் மட்டும் உள்ள ஒலி) ஓட்டி, முன்சுவர் ஓரமாகக் காதைத் தரையருகே வைத்துத் தவழ்ந்து போங்கள். எல்லா ஒலியும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, சப்பை அங்கே வையுங்கள். ஒலி தரும் இடமும் கேட்கும் இடமும் மாறினாலும் அறையின் விளைவு மாறாது என்பதால் இது வேலை செய்கிறது. மூலை எல்லா முழக்கங்களையும் ஒருசேர எழுப்பும். பெரும்பாலும் முன்சுவரின் நடுவிலிருந்து சற்று விலகிய இடமே தேறும்.

இணைப்பு இப்போது மாறும்: இன்டர்ஃபேஸின் இரண்டு அவுட்டும் சப்புக்கு, சப்பின் இரண்டு அவுட்டும் மானிட்டர்களுக்கு. சப்பின் லோ கட் (மானிட்டருக்குப் போகும் தாழ்ந்த ஒலியை வெட்டுவது), ஹை கட் (சப் தரும் ஒலியின் மேல்பகுதியை வெட்டுவது) இரண்டும் 90. சப்பில் லோ கட் போட்டிருந்தால் மானிட்டரிலும் அதைப் போடாதீர்கள். இரண்டு முறை வெட்டப்பட்டு நடுவில் ஓட்டை விழும். மானிட்டரை வெட்டாமலே விட்டால் 55 முதல் 90 வரை இரண்டும் சேர்ந்து பாடி, அந்தப் பகுதி மட்டும் வீங்கும். வீட்டு அமைப்புகளில் கேட்கும் 'பூம்' சத்தத்தில் பாதிக்கு இதுதான் காரணம் என்பேன்.

ஃபேஸ், அதாவது சப்பின் அலையும் மானிட்டரின் அலையும் ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்று சரிபார்க்க 90 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை மூன்றிலும் ஓட்டுங்கள். 0, 180 என்று சுவிட்ச் மட்டும் இருந்தால் மீட்டரில் எது அதிகம் காட்டுகிறதோ அது. திருகு குமிழும் இருந்தால் போலாரிட்டியை வேண்டுமென்றே தலைகீழாக்கி, ஒலி மிகத் தாழும் இடம் வரை குமிழைத் திருப்பி, பிறகு போலாரிட்டியைப் பழையபடி மாற்றுங்கள். உச்சம் அகலமானது, பள்ளம் கூர்மையானது. அதனால் பள்ளத்தைத் தேடுவதுதான் துல்லியம். குமிழ் இல்லாதவர்கள் சப்பை நகர்த்தலாம்: தூரம் 50 சென்டிமீட்டர் மாறினால் 90 ஹெர்ட்ஸில் சுமார் 47 பாகை.

சப்பின் அளவை மீட்டரில் பார்க்கும்போது சி வெயிட்டிங் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள் (எந்த அலைவெண்ணை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்ற மீட்டர் அமைப்பு அது). ஏ வெயிட்டிங் 63 ஹெர்ட்ஸை 26 டெசிபல் குறைத்துக் காட்டும். அதை நம்பி ஏற்றினால் சுவர் அதிரும். மொபைல் செயலிகள் பலவும் ஏ-யில்தான் திறக்கும்.

இங்கிருந்து அளவீட்டு மைக் இருந்தால் நல்லது. ரூம் ஈக்யூ விஸார்டு, அறையின் ஒலியை அளக்கும் இலவச மென்பொருள். மைக்கின் பிழையைத் திருத்தும் கேலிப்ரேஷன் கோப்பை ஏற்றி, இடது தனியாக, வலது தனியாக, சப் தனியாக, பிறகு எல்லாம் சேர்த்து 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (தாழ்விலிருந்து மேலே ஏறிப் போகும் ஒலி) ஓட்டுங்கள். யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்குகளுக்கு இரண்டு கோப்புகள் உண்டு. மைக் கூரையை நோக்கினால் 90 பாகைக்கானதைப் போட வேண்டும். சேர்ந்த கோடு 60 முதல் 120 வரை தனிக் கோடுகளுக்குக் கீழே இறங்கினால் ஃபேஸ் இன்னும் சரியில்லை. 41-இல் முகடு எழுந்தால் ஒடுக்கமான ஈக்யூவால் (குறிப்பிட்ட அலைவெண்ணை ஏற்றி இறக்கும் அமைப்பு) நாலைந்து டெசிபல் வெட்டலாம். முழக்கத்தின் நீளமும் குறையும். பள்ளத்தை மட்டும் ஏற்றாதீர்கள். நேர் ஒலியும் அதை அழிக்கும் எதிரொலியும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அப்படியே நிற்கும், ஆம்ப்ளிஃபையர்தான் வெந்து போகும். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம்.

கடைசியாக 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவான ஸ்வீப் ஒன்றை ஓட்டிவிட்டு அறையைச் சுற்றி நடந்து பாருங்கள். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, மேசை மேல் பேனா டப்பா என்று கிடுகிடுக்கும் ஒவ்வொன்றையும் ரப்பர் துண்டு வைத்து அடக்குங்கள். தெரிந்த பாடல்களை ஒரு வாரம் கேட்ட பிறகு சப்பை ஒன்றிரண்டு டெசிபல் இறக்கத் தோன்றினால் இறக்கிவிட்டு, எல்லா சுவிட்ச், குமிழ் நிலைகளையும் படம் எடுத்து வையுங்கள். ஆன் செய்யும்போது மானிட்டரும் சப்பும் கடைசி, அணைக்கும்போது அவையே முதல்.