செவர்லே 3100: டேங்க் பின்னால் போயிற்று

1951ஆம் ஆண்டு செவர்லே 3100 பிக்கப்பில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அன்றைக்கு அது வழக்கம். ஏப்ரல் வெயிலில் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அந்தப் பெட்ரோல் வாடையோடு நின்றவர்களுக்கு அந்த வழக்கத்தின் மேல் பெரிய மரியாதை மிஞ்சாது.

அதனால் என் வண்டியில் டேங்கை வெளியே மாற்றினேன். புது இடம், பின் அச்சுக்குப் பின்னால் ஸ்டெப்னி தொங்கிய இடம். பீனியாவில் தகடு வளைத்து 40 லிட்டர் டேங்க் செய்யக் கொடுத்தேன். உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு. இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்ரோல் அலைமோதும். சேஸிஸில் வெல்டிங் கிடையாது, போல்ட் மட்டும். "பழைய டேங்கையே வெட்டி ஒட்டிவிடலாமே அண்ணா" என்றார் ஸ்ரீராமபுரத்து வெல்டர் தம்பி. மறுத்துவிட்டேன். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

டேங்கைத் தொங்கவிடுவது எளிது. வேலை வாங்கியது பெட்ரோல் ஊற்றும் வாய்தான். பெட்டியின் பலகைத் தரையில் மூடி வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெங்களூரு மழைக்கு ஒத்துவராது, மூட்டை ஏற்றினால் மூடியும் அடியில் போய்விடும். ஆகவே இடது பின் மட்கார்டின் மேல் வைத்தேன். சக்கரம் வாரியடிக்கும் சேறும் கல்லும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ஹோஸில் படாமலிருக்க நடுவே ஒரு மறைப்புத் தகடு. வாயிலிருந்து டேங்க் வரை சரிவு எங்கும் மேலேறக் கூடாது. உள்ளே போகும் பெட்ரோலுக்கு வழிவிட்டுக் காற்று வெளியேற, டேங்கின் உச்சியிலிருந்து வாயருகே வரை மெல்லிய குழாய் ஒன்றும் வேண்டும். முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மெல்லிய குழாயை விரலால் அடைத்ததும் தண்ணீர் களகளவென்று பொங்கி முகத்தில் தெறித்தது. விரலை எடுத்ததும் அமைதியாக இறங்கியது. பிறகு டேங்கை நன்றாகக் காயவைத்தோம். ரப்பர் ஹோஸில் மின்சாரம் பாயாது என்பதால், வாயிலிருந்து சேஸிஸுக்கு ஓர் எர்த் ஒயரும் கொடுத்தாயிற்று.

ஹோஸ் எல்லாமே எத்தனால் தாங்கும் ரகம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரியில் தொடங்கிவைத்ததே இந்த ஊரில்தான்; பழைய ரப்பர் அதில் ஊறி நைந்துவிடும். டேங்க் இப்போது தாழ்வாக இருப்பதால் இன்ஜின் பக்கத்து பம்ப் தொலைவிலிருந்து உறிஞ்ச வேண்டியிருக்கிறது. இணைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, வண்டி மட்டும் காற்றை இழுத்துத் திணறும். அதனால் இணைப்புகளைக் குறைத்து, சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாக ஒரே நீளக் குழாயாகக் கொண்டுவந்தேன்.

கேபின் சுவரில் பழைய மூடி அப்படியே இருக்கிறது, அழகுக்கு. பங்க்கில் பையன் நேரே அதைத்தான் திறக்கப் போகிறான். "ஹிந்தே, ஹிந்தே" (பின்னால், பின்னால்) என்று கன்னடத்தில் சொல்லிக் கை காட்ட வேண்டியிருக்கிறது.

பாக்கி, அளவு காட்டும் முள். டேங்குக்குள் இருக்கும் மிதவை, பெட்ரோல் மட்டத்துக்கு ஏற்ப மாறும் மின்தடையால் மீட்டருக்கு அளவைச் சொல்லும். பழைய மீட்டருக்குக் காலி என்றால் 0 ஓம், நிறைந்தால் 30. கடையில் கிடைத்த புது மிதவைக்குக் காலி 240, நிறைந்தால் 33. இரண்டையும் இணைத்தால், ஓம் ஒருபோதும் 30க்குக் கீழே இறங்காததால், டேங்க் வற்றினாலும் முள் நிறைவிலேயே நிற்கும். ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகர் குஜிரியிலும் (பழைய சாமான் சந்தை) பழைய ரக மிதவைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை கிலோமீட்டர் கணக்குதான்.